பரணில் இருந்தவை, வாசலில் விற்கப்பட்டவை: ஆக்செலராட்டி நாவல் வரிசை

ஆபத்தான கண்டுபிடிப்புகளைச் சுற்றி எழுதப்படும் சிறுவர் அறிபுனைகள் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான் தொடங்கும். அறிவியலாளர் ஒருவர் செய்யக் கூடாததைச் செய்வார், ஏதோ ஒன்று வெடிக்கும் அல்லது தப்பித்துப் போகும், பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். நீல் ஷஸ்டர்மேன், எரிக் எல்ஃப்மேன் என்ற இரு அமெரிக்க எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதிய ஆக்செலராட்டி வரிசையோ ஒரு பழைய சாமான் விற்பனையில் தொடங்குகிறது. இந்த ஒரு தேர்வே மூன்று நாவல்களின் குணத்தையும் தீர்மானித்துவிடுகிறது. அந்தத் தேர்வை ஆசிரியர்கள் நினைவில் வைத்திருக்கும் பக்கங்களில் வரிசை மிக உயரத்தில் நிற்கிறது. மறந்துவிடும் பக்கங்களில் வழக்கமான துரத்தல் கதையாகிவிடுகிறது.

முதல் நாவலான ‘டெஸ்லாஸ் அட்டிக்’ 2014இலும், இரண்டாவதான ‘எடிசன்ஸ் ஆலி’ 2015இலும், மூன்றாவதான ‘ஹாக்கிங்ஸ் ஹால்வே’ 2016இலும் வெளிவந்தன. பதினொரு வயதான என் அண்ணன் மகளோடு சேர்ந்து மூன்றையும் வாசித்தேன். அவள் சில அத்தியாயங்கள் முன்னால் போய்விடுவாள், நான் பின்தொடர்வேன், இரவில் இருவரும் அதைப் பற்றிப் பேசுவோம். ஆகையால் இங்கே சொல்லியிருப்பவற்றில் சில அவளுடைய கருத்துகள்; எவை அவளுடையவை என்பதை அந்தந்த இடத்தில் குறிப்பிட்டிருக்கிறேன். கதையின் அமைப்பை வேண்டிய அளவுக்குச் சொல்கிறேன், முடிவுகளைத் தவிர்க்கிறேன்.

வீடு தீப்பிடித்ததில் தாயை இழந்த நிக் ஸ்லேட் என்ற பதினான்கு வயதுச் சிறுவன், தந்தையுடனும் தம்பி டேனியுடனும் ஃபுளோரிடாவிலிருந்து கொலராடோ மாநிலத்தின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குக் குடிவருகிறான். அங்கே குடும்பத்து மூத்த உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பழைய வீடு அவர்களுக்காகக் காத்திருக்கிறது. பரணைத் திறந்தவுடன் ஒரு பழைய டோஸ்டர் நிக்கின் தலையில் வந்து மோதுகிறது. பரண் முழுவதும் தூசி படிந்த சாமான்கள். அவற்றை ஒழித்துவிட்டால் அந்த இடத்தைத் தன் அறையாக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கும் நிக், அமெரிக்கக் குடும்பங்கள் வழக்கமாகச் செய்வதைப் போல, எல்லாவற்றையும் வீட்டு வாசலில் பரப்பி விற்றுவிடுகிறான். அன்று மழை பெய்கிறது. ஆனாலும் கூட்டம் அலைமோதுகிறது. கைக்கு வந்த விலைக்குச் சாமான்கள் பறந்துபோகின்றன. பிறகுதான் தெரியவருகிறது, அவை அத்தனையும் மின்சார ஆய்வுகளால் புகழ்பெற்ற கண்டுபிடிப்பாளர் நிகோலா டெஸ்லா மறைத்துவைத்த கண்டுபிடிப்புகள் என்பது.

இதன் பிறகு நிகழ்வதெல்லாம் திரும்பப் பெறும் முயற்சி. மிட்ச், கேட்லின், வின்ஸ் என்ற மூன்று நண்பர்களும், நண்பர் என்றும் பகைவர் என்றும் சொல்ல முடியாத பெட்டுலா என்ற பெண்ணும் கதைக்குள் வருகிறார்கள். அதே பொருட்களைத் தேடி ஆக்செலராட்டி என்ற இயற்பியலாளர் இரகசியச் சங்கமும் நகருக்குள் நுழைகிறது.

விற்றுவிட்ட பொருளைத் திரும்பப் பெறுவது என்ற சிக்கல் சிறுவர் இலக்கியத்தில் அரிதாகவே பேசப்படுகிறது. தொலைந்துபோன பொருளைத் தேடுவதில் அறச்சிக்கல் ஏதும் இல்லை. அது தேடுபவனுக்கு உரியது. திருடப்பட்டதை மீட்பதிலும் இல்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு மனமார விற்ற ஒன்றை, வாங்கியவர் அதோடு பழகி, அதைத் தன் வாழ்வின் பகுதியாக்கிக்கொண்ட பிறகு, “அது ஆபத்தானது, கொடுத்துவிடுங்கள்” என்று கேட்பதற்கு ஒரு சிறுவனுக்கு என்ன உரிமை இருக்கிறது? முதல் நாவலின் பாதியில் என் அண்ணன் மகள் கேட்ட கேள்வியும் இதுதான். “அத்தை, தெரியாம வித்துட்டான், சரி. வாங்கினவங்ககிட்ட உண்மையைச் சொல்லிக் கேட்கலாம்ல? எதுக்கு மறைக்கணும்?” நாவல் இந்தக் கேள்விக்கு நேரடியான விடை தருவதில்லை. ஆனால் அந்தக் கேள்வி எழும்படியான சூழ்நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்துக்கொண்டே போகிறது. விடையைத் தயாராக நீட்டும் நூல்களைவிடப் பிள்ளைகளுக்கு இது அதிகம் தருகிறது என்று நம்புகிறேன்.

இந்த விற்பனைக்கு வரலாற்றில் ஓர் எதிரொலி உண்டு. டெஸ்லா 1899 மே மாதம் உண்மையாகவே கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு வந்தார். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் அந்த ஊரின் ஓரத்தில் மரத்தாலான ஓர் ஆய்வுக்கூடத்தைக் கட்டி, கம்பியில்லாமல் மின்னாற்றலை அனுப்ப முடியுமா என்று 1900 ஜனவரி வரை சோதித்தார். பல மீட்டர் நீளமுள்ள செயற்கை மின்னல்களை உண்டாக்கினார். ஒருமுறை அவருடைய சோதனையின் சுமை தாளாமல் ஊருக்கு மின்சாரம் வழங்கிய நிறுவனத்தின் மின்னாக்கி பழுதாகிப் போயிற்று என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் சொல்லப்படுகிறது. அவர் நியூயார்க்குக்குத் திரும்பியபின் சில ஆண்டுகளில் அந்தக் கூடம் இடிக்கப்பட்டது. உள்ளே இருந்த சாமான்கள் கடனுக்காக விற்கப்பட்டன. அதாவது, அந்த ஊரில் டெஸ்லாவின் கருவிகள் உண்மையிலேயே ஒருமுறை விற்பனைக்கு வந்திருக்கின்றன. ஆசிரியர்கள் இதை மனத்தில் வைத்துத்தான் வாசல் விற்பனையை அமைத்தார்களா என்பது வேறு விஷயம். இந்தச் செய்தியைத் தெரிந்துகொண்டு வாசிக்கும்போது, நகைச்சுவையாகத் தோன்றும் அந்தத் தொடக்கக் காட்சிக்குள் துயரமும் கலந்துவிடுகிறது.

கண்டுபிடிப்புகள் என்று சொன்னேன். அவை பார்ப்பதற்குக் கருவிகளாகவே தெரிவதில்லை என்பது வரிசையின் தனிச்சிறப்பு. பழைய பெட்டிக் கேமரா, சுருள் நாடா ஓடும் டேப் ரிக்கார்டர், கயிற்றை இழுத்தால் பேசும் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள், ஒரு பேட்டரி, ஒரு பேஸ்பால் கையுறை, மேடை விளக்கு. ஒவ்வொன்றும் அதை எடுத்துச்செல்பவரின் உள்ளத்தில் இருக்கும் குறை ஒன்றோடு பொருந்திப்போகிறது. மாயப்பொருள் கதைகளில் பொதுவாகப் பொருளின் ஆற்றலே முதலில் தீர்மானிக்கப்பட்டு, பிறகு அது யாரோ ஒருவரின் கையில் கொடுக்கப்படும். இங்கே மனிதர்களை முதலில் நன்றாக உருவாக்கிவிட்டுத்தான் பொருள்களை அவர்களிடம் சேர்த்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

டேப் ரிக்கார்டரையே எடுத்துக்கொள்ளலாம். கேட்லின் அழகானவள், பள்ளியில் எல்லோராலும் விரும்பப்படுபவள், பொருட்களை உடைத்து அவற்றின் சிதறல்களிலிருந்து கலைப்பொருள் செய்யும் பழக்கம் உள்ளவள். உடைப்பதற்காகத்தான் அந்த டேப் ரிக்கார்டரை வாங்குகிறாள். அதில் தன் குரலைப் பதிவுசெய்து திரும்பக் கேட்டால், அவள் வாயால் சொன்னது வருவதில்லை. சொல்லும்போது மனத்துக்குள் எண்ணியது வருகிறது. உலகை அழிக்கும் கருவி எதுவும் இந்த ஒன்றின் கொடுமைக்கு ஈடாகாது. எல்லோருக்கும் பிடித்த விதத்தில் பேசியே பழகிய ஒரு பெண்ணுக்கு, தன் குரலிலேயே தன் உண்மை கேட்கும் அந்த இடத்தை நான் இரண்டு முறை வாசித்தேன். கண்டுபிடிப்பின் ஆபத்து என்பது வெடிப்பதிலும் எரிவதிலும் மட்டும் இருக்கிறது என்று எண்ணியிருந்த பிள்ளைக்கு, உண்மையைச் சொல்லும் இயந்திரமும் ஆபத்தானதாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் இங்கே வாய்க்கிறது.

மிட்ச் வைத்திருக்கும் விளையாட்டுப் பொருளும் உண்மையைத்தான் சொல்கிறது. ஆனால் அது மற்றவர்களின் வாக்கியங்களை இடைமறித்து முடித்துவைக்கிறது. தந்தை சிறையில் இருக்கும் ஒரு சிறுவனின் கையில் அது கிடைத்திருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். எதைக் கேட்க வேண்டும் என்று தவிக்கிறானோ, அதைக் கேட்பதற்கு அவனுக்குத் துணிவு இல்லை. பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை அவன். அவனுடைய பேச்சை நிறுத்தும் பொருள் ஒன்று அவனிடமே வந்து சேர்வதில் இருக்கும் நுட்பம் எனக்குப் பிடித்திருந்தது.

பெட்டுலாவின் கேமரா ஒரு நாள் கழித்து நடக்கப்போவதைப் படம்பிடிக்கிறது. தான் எல்லோராலும் ஒதுக்கப்படுவதாக உணரும் ஒருத்தியிடம், எல்லோருக்கும் முன்னால் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு வருகிறது. படத்தில் பதிந்துவிட்டதை மாற்ற முடியுமா, மாற்ற முயல்வதே அதை நடத்திவைத்துவிடுமா என்ற பழைய புதிரை ஆசிரியர்கள் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்படி, ஒரு சூத்திரமோ வரைபடமோ இல்லாமல், சில புகைப்படங்களைக் கொண்டே நடத்திக்காட்டியிருக்கிறார்கள்.

வின்ஸிடம் இருக்கும் பேட்டரி, இறந்த உயிரை அதனோடு இணைத்திருக்கும் வரை எழுப்பிவைக்கிறது. சாவைப் பற்றியே சிந்தித்துக்கொண்டிருக்கும் அந்தச் சிறுவனுக்கு இது கிடைப்பதில் ஆசிரியர்களின் துணிவு தெரிகிறது. சிறு பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் இந்தப் பகுதியை முன்கூட்டியே வாசித்துவிடுவது நல்லது. மரணம் இந்த வரிசையில் வேடிக்கையாகவும் வருகிறது, மெய்யாகவும் வருகிறது. இந்தக் கற்பனைக்குப் பின்னால் உண்மையான அறிவியல் வரலாறு ஒன்றும் இருக்கிறது. இறந்த தவளையின் கால்கள் மின்தூண்டலால் துடிப்பதை லூயிஜி கால்வானி 1791இல் விவரித்து வெளியிட்டார். அவருடைய சகோதரியின் மகன் ஜியோவானி ஆல்டினி 1803இல் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் மின்சாரத்தைச் செலுத்திக் காட்டியபோது தாடை அசைந்தது, ஒரு கண் திறந்தது. பார்த்தவர்களில் சிலர் உயிர் திரும்பிவிட்டதாகவே நினைத்தார்கள். தசை சுருங்குவது வேறு, உயிர் மீள்வது வேறு என்பதை இந்த இடத்தில் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு விளக்கலாம். நாவல் அதைச் செய்வதில்லை. செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை.

இதுவரை சொன்னவை தனித்தனிப் பொருள்கள். அவை அனைத்தும் ஒரே பெரிய இயந்திரத்தின் உறுப்புகள் என்பது மெல்ல மெல்லத் தெரியவரும் விதம் முதல் நாவலின் கட்டுக்கோப்புக்குச் சான்று. பரணின் தரையில் பொருள்களை ஈர்க்கும் ஒரு மையம் இருக்கிறது. ஒவ்வொரு பொருளும் அங்கே வந்து சேரும்போது அதனதன் இடம் தெரிகிறது. உடைந்த சாமான்களாகத் தோன்றியவை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அந்தக் காட்சிகளில் என் அண்ணன் மகள் ஒரு தாளை எடுத்து இயந்திரத்தை வரையத் தொடங்கிவிட்டாள். எது கிடைத்துவிட்டது, எது இன்னும் வெளியே இருக்கிறது என்று அவளே ஒரு பட்டியலும் வைத்துக்கொண்டாள். வாசிக்கும் பிள்ளையைக் கையில் பென்சில் எடுக்கவைக்கும் நூல் என்பது எனக்குப் பெரிய பாராட்டு.

அறிவியல் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று கேட்பவர்களுக்கு: பொருள்களின் ஆற்றல்கள் கற்பனையே. ஆனால் பெரிய நிகழ்வுகளின் அடியில் மெய்யான இயற்பியல் ஓடுகிறது. முதல் நாவலில் டேனி அணியும் பேஸ்பால் கையுறை விண்கற்களை ஈர்க்கிறது. அதனால் பெரிய விண்கல் ஒன்று பூமியை நோக்கி வருகிறது. இது வெறும் பூச்சாண்டி காட்டுதல் என்று ஒதுக்கிவிட முடியாது. நாவல் வெளிவருவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பு, 2013 பிப்ரவரி 15 அன்று, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஏறத்தாழ 20 மீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று வெடித்தது. சன்னல் கண்ணாடிகள் சிதறி ஏறக்குறைய 1,500 பேர் காயமுற்றார்கள். விண்கல்லைத் திசைதிருப்புவது என்பதும் இப்போது கற்பனையாக இல்லை. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறு விண்பாறையின் மீது வேண்டுமென்றே மோதி, அது தன் துணைப்பாறையைச் சுற்றும் நேரத்தை ஏறக்குறைய 32 நிமிடங்கள் குறைத்தது. நாவலில் இதற்குக் கையாளப்படும் வழி இதைவிடப் பல மடங்கு விசித்திரமானது, பல மடங்கு மகிழ்ச்சி தருவது. அதை இங்கே சொல்லிவிட்டால் ஒரு நல்ல வாசிப்பைக் கெடுத்தவள் ஆவேன்.

இரண்டாம் நாவலின் அடிப்படைச் சிக்கல் இன்னும் நுட்பமானது. பூமியைச் சுற்றத் தொடங்கிவிட்ட அந்த விண்கல்லில் மின்னேற்றம் சேர்ந்துகொண்டே போகிறது. அது ஒரு நாள் பூமியின் மேல் இறங்கினால் என்ன ஆகும் என்பதே அச்சம். காந்தப்புலத்தின் ஊடாக ஒரு கடத்தி நகர்ந்தால் மின்னழுத்தம் தோன்றும் என்பது மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த உண்மையோடு தொடர்புடையது. பூமிக்கும் காந்தப்புலம் இருப்பதால், அதைச் சுற்றும் கடத்தியிலும் இது நிகழும். 1996 பிப்ரவரியில் கொலம்பியா விண்ணோடத்திலிருந்து ஒரு செயற்கைக்கோளை நீண்ட கம்பியில் கட்டி வெளியே விட்டார்கள். 19 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டிருந்த அந்தக் கம்பியில் ஏறத்தாழ 3,500 வோல்ட் மின்னழுத்தம் உண்டாயிற்று; கடைசியில் மின்பொறி தாவியதில் கம்பியே அறுந்து, செயற்கைக்கோள் விலகிப் போயிற்று. இதைச் சொன்னபோது என் அண்ணன் மகள் நாவலை மூடிவைத்துவிட்டு அரை மணி நேரம் அந்தக் கம்பியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள். அறிபுனை தன் வேலையைச் செய்ததற்கு இதைவிட வேறு அடையாளம் தேவையில்லை.

ஆனாலும் இரண்டாம் நாவல் முதலாவதைப் போல் மனத்தில் பதியவில்லை. வாங்கியவர்களைத் தேடிப்போவது, பொருளின் ஆற்றலைக் கண்டறிவது, ஏதோ ஒரு தந்திரத்தால் அதை மீட்பது என்ற சுழற்சி மீண்டும் மீண்டும் வருகிறது. முதல் நாவலில் பொருளுக்கும் மனிதருக்கும் இருந்த அந்த உள்ளார்ந்த பொருத்தம் இங்கே தேய்ந்துபோகிறது; பல பொருள்கள் யாரிடம் இருந்தாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடுகின்றன. மூன்றாம் நாவலில் நிக் பகைவர்களின் கூடாரத்துக்குள்ளேயே இருந்து வேலை செய்ய நேர்கிறது. அந்த நெருக்கடி நன்றாகத் தொடங்கினாலும், ஒரே நேரத்தில் பல இடங்களில் பல பேருக்கு நடப்பவற்றைச் சொல்ல வேண்டியிருப்பதால் கதை மூச்சுவாங்குகிறது. மூன்றையும் தொடர்ந்து வாசிக்காமல் இடையில் சில மாதங்கள் விட்டுவிட்டவர்களுக்கு, யார் எந்தப் பொருளை வைத்திருக்கிறார்கள் என்பது மறந்துபோகும். சேர்ந்து வாசிப்பதே நல்லது.

என் பெரிய மனக்குறை எடிசனைப் பற்றியது. ஆக்செலராட்டி சங்கத்தின் வேர் தாமஸ் எடிசனோடு இணைக்கப்பட்டிருக்கிறது. டெஸ்லா வஞ்சிக்கப்பட்ட மேதையாகவும் எடிசன் அவருடைய நிழலாகவும் வருகிறார்கள். இது இன்று பரவலாக விரும்பப்படும் சித்திரம். ஆனால் வாழ்க்கை அவ்வளவு எளிமையாக இருக்கவில்லை. டெஸ்லா 1884இல் நியூயார்க்குக்கு வந்து எடிசனின் நிறுவனத்தில் வேலை பார்த்தது ஏறக்குறைய ஆறு மாதங்கள் மட்டுமே. மாறுமின்னோட்டத்துக்கும் எடிசன் ஆதரித்த நேர்மின்னோட்டத்துக்கும் நடந்த போட்டியில் எடிசனின் உண்மையான எதிராளி, டெஸ்லாவின் காப்புரிமைகளைப் பயன்படுத்தும் உரிமையை 1888இல் பெற்ற தொழிலதிபர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். 1892இல் எடிசனின் நிறுவனமே வேறொரு நிறுவனத்தோடு இணைந்து ஜெனரல் எலக்ட்ரிக் ஆனபோது, எடிசனின் கையிலிருந்து அந்தத் துறை நழுவிவிட்டது. மறுபுறம், டெஸ்லாவின் தோல்விகள் எல்லாம் பிறர் செய்த சூழ்ச்சியால் வந்தவையும் அல்ல. வங்கியாளர் ஜே. பி. மார்கன் 1,50,000 டாலர் தந்தும், கம்பியில்லாத் தொடர்புக்காக நியூயார்க்கின் லாங் ஐலண்டில் டெஸ்லா கட்டிய 57 மீட்டர் உயரக் கோபுரம் ஒருபோதும் முழுமையாக இயங்கவில்லை. 1917இல் அது இடிக்கப்பட்டது. கடன்பட்டு, கணக்கு தவறி, தான் நினைத்ததை இயற்கை ஒத்துக்கொள்ளாமல் தோற்ற மனிதர் ஒருவரும் டெஸ்லாவுக்குள் இருந்தார். அந்த மனிதர் இந்த மூவாயிரம் திருப்பங்கள் கொண்ட கதைக்குள் இடம்பெற்றிருந்தால் நாவல் இன்னும் ஆழமாக இருந்திருக்கும்.

கொலராடோ ஸ்பிரிங்ஸில் அவர் நாள்தோறும் எழுதிய குறிப்பேடு 1978இல் பெல்கிரேடில் அச்சாயிற்று. அதில் நிறைந்திருப்பவை அளவீடுகள், கணக்குகள், சுருள்களின் சுற்று எண்ணிக்கைகள், அடித்துத் திருத்தப்பட்ட ஊகங்கள். நாவலின் டெஸ்லா எல்லாவற்றையும் முன்கூட்டியே கணித்துவிட்டவர். எந்தப் பொருள் யாரிடம் போகும் என்பதுகூட அவருடைய கணக்குக்குள் அடங்கியிருக்கலாம் என்ற கருத்தை வரிசை மீண்டும் மீண்டும் எழுப்புகிறது. இது கதைக்குச் சுவை சேர்க்கிறது, மறுக்கவில்லை. ஆயினும் கண்டுபிடிப்பு என்பது பிறவி மேதையின் தீர்க்கதரிசனம் என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. நூறு முறை அளந்து நூற்றொன்றாம் முறை தன் ஊகத்தைக் கைவிடுவதுதான் அந்த வேலையின் பெரும்பகுதி.

பாத்திரங்களில் பெட்டுலாவை ஆசிரியர்கள் நடத்திய விதம் எனக்கு வருத்தம் தந்தது. தன் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் வலியுறுத்தும் அந்தப் பெண், தொடக்கத்தில் சிரிப்புக்காகவே படைக்கப்பட்டிருக்கிறாள். அவளுடைய தோற்றமும் தனிமையும் கேலிக்கு உள்ளாகின்றன. அவள் ஒரு கட்டத்தில் எதிர்த்தரப்பின் பக்கம் சாயும்போது, அதற்குக் காரணமான அந்தப் புறக்கணிப்பில் நூலுக்கும் பங்கு உண்டு என்று வாசகருக்குத் தோன்றுகிறது. பின்னால் அவளுக்குக் கனமான இடம் தரப்படுகிறது என்பது உண்மை. மூன்று நாவல்களிலும் மிகச் சிக்கலான மனம் அவளுடையதுதான். அப்படியிருக்க, முதல் நூறு பக்கங்களில் அவளை அத்தனை மலிவாகச் சிரிப்புக்குப் பயன்படுத்தியிருக்க வேண்டியதில்லை. கேட்லினுக்கும் இதுபோல் ஒரு குறை: டேப் ரிக்கார்டர் காட்சிகளில் அத்தனை உயிரோடு இருப்பவள், நிக்கின் மனத்தைக் கவர்ந்தவளாக மட்டும் சுருங்கிவிடும் இடங்கள் உண்டு.

ஆக்செலராட்டியினர் வெளிர்நிறக் கோட்டு அணிந்து வந்து போகும் இடங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தலைமை வில்லன் டாக்டர் ஜார்கன்சன் பேசும்போது சுவையாக இருக்கிறார். மற்றவர்கள் நினைவில் நிற்கவில்லை.

நிக்கின் தந்தையை மட்டும் தனியாகக் குறிப்பிட வேண்டும். பேஸ்பால் வீரராக இருந்து, பெரிய வெற்றி எதையும் காணாமல் விலகியவர் அவர். மனைவியை இழந்த துயரத்தோடு இரண்டு பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, புதிய ஊரில் கால் ஊன்ற முயல்கிறார். சிறுவர் சாகசக் கதைகளில் பெற்றோர் பொதுவாகக் கதைக்கு இடையூறாகவோ கண்ணுக்குத் தெரியாதவர்களாகவோ இருப்பார்கள். இங்கே தந்தையின் தோல்வியும் மகனின் பொறுப்புணர்வும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. தாயைப் பற்றி அந்த வீட்டில் யாரும் அதிகம் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதை எழுதத் தெரிந்திருக்கிறது இவ்விருவருக்கும்.

மொழியைப் பொறுத்தவரை, பத்து வயதுக்கு மேல் ஆங்கிலத்தில் சரளமாக வாசிக்கும் பிள்ளைகளால் தனியாகவே படிக்க முடியும். வாக்கியங்கள் தெளிவானவை, அத்தியாயங்கள் குறுகியவை. ஆனால் நகைச்சுவையில் பெரும்பகுதி சொல் விளையாட்டிலும் பெயர்களிலும் இருக்கிறது. சில இடங்களில் பெரியவர் உடன் இருந்தால் பிள்ளைக்குக் கூடுதலாகக் கிடைக்கும். பேஸ்பால் விதிகள் தெரியாதவர்களுக்கு முதல் நாவலின் உச்சக் காட்சி முழுமையாக விளங்காமல் போகலாம். அதை முன்னதாக ஒருமுறை எளிமையாக விளக்கிவிடுங்கள். மூன்றையும் வாங்கத் தயங்குபவர்கள் முதல் நாவலை மட்டும் வாங்கலாம். அதன் முடிவு அடுத்த நூலை நோக்கிக் கதவைத் திறந்துவைத்தாலும், அது தன்னளவில் நிறைவான வாசிப்பையே தருகிறது. அறிவியல் பாடத்தைக் கதையாக எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல.

வாசித்து முடித்தபின், டெஸ்லாவின் உண்மையான பொருள்கள் என்ன ஆயின என்று என் அண்ணன் மகள் கேட்டாள். அவர் 1943 ஜனவரி 7 அன்று நியூயார்க்கர் ஹோட்டலின் 3327ஆம் எண் அறையில் இறந்தார். போர்க்காலம் அது. எதிரிகளை அழிக்கும் கதிர் ஒன்றைத் தாம் உருவாக்கியிருப்பதாக அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததால், அமெரிக்க அரசு அவருடைய உடைமைகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, எம்.ஐ.டி. பேராசிரியர் ஜான் ஜி. ட்ரம்ப்பை வைத்து அவற்றைச் சோதித்தது. வேறொரு ஹோட்டலில் வாடகை பாக்கிக்கு ஈடாக டெஸ்லா ஒரு பெட்டியை ஒப்படைத்திருந்தார்; உள்ளே இருப்பது மிக ஆபத்தான கருவி, தெரியாதவர் திறந்தால் வெடித்துவிடும் என்று எச்சரித்தும் இருந்தார். ட்ரம்ப் அதைத் திறந்தபோது உள்ளே இருந்தது, மின்தடையை அளக்க எந்த ஆய்வுக்கூடத்திலும் அந்நாளில் பயன்பட்ட சாதாரணமான அளவுப் பெட்டி. இதைக் கேட்டதும் அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அந்தப் பெட்டி இப்ப யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டாள்.